தெம்புசு மரத்தில் நீ போட்ட முடிச்சு

அன்பு மச்சான் தனா,

இன்றைக்குக் காலையில் ஆயர் ஈத்தாமில் பனி இறங்கியிருந்தது. மலை முழுசாகக் காணாமல் போய்விட்டது. எங்கள் நாலாவது மாடியில் நின்று பார்த்தால், கீழே தோட்டத்து மரங்களின் தலைகள் மட்டும் அங்கங்கே மிதந்தன. அந்தப் பனிக்குள் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். ஒரு நொடி நீதான் என்று நினைத்து, "வரேன்டா, இரு" என்று குரல் கொடுத்துவிட்டேன். பக்கத்து வீட்டு லிம் அங்கிள் தலையை நீட்டி என்னைப் பார்த்தார். நீ போய் இது இரண்டாவது மழைக்காலம். இந்தப் பழக்கம் இன்னும் என்னை விடவில்லை.

உனக்குச் சொல்லச் செய்தி நிறைய இருக்கிறது. ஆனால் இந்தக் கடிதம் ஒரே ஒரு விஷயத்துக்காக. நீ யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கிய அந்த விஷயம். அது வெளியே வந்துவிட்டது, மச்சான். என் வாயால் வரவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கனவில் வந்து திட்டுவாய்.

உனக்குத் தெரிந்ததையே இப்போது திரும்பச் சொல்லப் போகிறேன். இந்தக் கடிதத்தை உன்னோடு சேர்ந்து படிக்கப் போகிற மற்றவர்களுக்காகப் பொறுத்துக்கொள். எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால், மலை அடிவாரத்தில், ஒரு பழைய பழத்தோட்டம் கிடக்கிறது. டுரியான், ஜாதிக்காய், ரம்புத்தான், நடுவில் ஒரு சின்ன ஓடை. சொந்தக்காரக் குடும்பம் வெளிநாட்டில். தோட்டத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் எந்தக் கட்டடமும் எழும்பக் கூடாது, எழும்பினால் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று சொல்லி எங்கள் குழுவிடம் விட்டிருந்தார்கள். குழு என்றால் பெரிசாக ஒன்றும் இல்லை. ஆசிரியை சியூ லிங், ஃபெர்ரியில் கயிறு கட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நீ, ஏர்கோன் ரிப்பேர் செய்து முதுகு போன நான், அக்கம்பக்கத்தில் கொஞ்சம் பேர். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கூடிக் களை எடுப்போம், கன்று நடுவோம், ஓடையில் வந்து சிக்கும் பிளாஸ்டிக்கை அள்ளுவோம்.

வேலைக்கு முன்னால் அரை மணி நேரம் எல்லாரும் தெம்புசு மரத்தடியில் வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும். அது நீ கொண்டு வந்த வழக்கம். "முதல்ல மரம் நம்மளப் பாக்கட்டும் லா. வந்தவுடனே வெட்டறது, தோண்டறதுன்னா அதுக்கும் பயமா இருக்கும்ல" என்பாய். அப்படிச் சொன்ன நீதான் முதலில் குறட்டை விடுவாய். புதிதாக வந்த பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

இப்போதும் அந்த அரை மணி நேரம் நடக்கிறது. குறட்டைதான் இல்லை. தெம்புசு பூக்கும் மாதங்களில் அங்கே உட்கார்ந்தால் மனிதன் பாதி தூக்கத்துக்குப் போய்விடுகிறான். முந்தின நாள் சாயங்காலத்து வாசனை காலையிலும் இலைகளுக்குள் தங்கியிருக்கும். கண்ணை மூடினால் ஓடைச் சத்தம் மெல்ல மெல்லக் கடல் சத்தமாக மாறுகிறது. ஒருமுறை அந்த மயக்கத்தில் ஒரு கனவு கண்டேன். பழைய ஃபெர்ரி ஒன்று பனியைக் கிழித்துக்கொண்டு மலைமேல் ஏறி வருகிறது. டுரியான் மரங்களுக்கு நடுவே, ஒரு கிளையையும் இடிக்காமல், மெதுவாக. முன்னால் நீ கயிற்றோடு நிற்கிறாய். "பிடி மச்சான்" என்று வீசுகிறாய். நான் கையை நீட்டுகிறேன். கயிறு வந்து சேருவதற்குள் சியூ லிங் விசில் ஊதிவிட்டாள், வேலை ஆரம்பம் என்று. அந்தக் கயிறு எங்கே போய் விழுந்திருக்கும் என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அடுக்குமாடியில் கார் நிறுத்த இடமில்லை என்ற சண்டை உனக்கு ஞாபகம் இருக்கும். தோட்டத்தின் ஓரத்தைக் கொஞ்சம் சமப்படுத்தினால் போதும் என்று சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் போய்ப் பார்த்தால் தெம்புசு மரத்தில், தலைக்கு மேலே, சிவப்புப் பெயிண்டில் ஒரு பெருக்கல் குறி. யார் போட்டது என்று யாரும் சொல்லவில்லை. சியூ லிங் கூட்டம் போட்டுப் பேசலாம் என்றாள். நீ பேசாமல் வீட்டுக்குப் போனாய். மத்தியானம் ஊரே சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கும் நேரத்தில், அலுமினிய ஏணியும் ஒரு மஞ்சள் துணியும் நீல நைலான் கயிறுமாக வந்து என்னை எழுப்பினாய். "ஏணியப் பிடி. கேள்வி கேக்காத" என்றாய்.

நான் பிடித்தேன். நீ ஏறினாய். நீ இருக்கிற உயரத்துக்கு ஏணி இல்லாமல் அந்தக் குறியைத் தொடவே முடியாது, அது வேறு விஷயம். சிவப்புக் குறியை மறைத்து மஞ்சள் துணியைச் சுற்றி, அதன்மேல் கயிற்றைச் சுற்றி, ஃபெர்ரியை இழுத்துக் கட்டுகிற அந்த முடிச்சைப் போட்டாய். அப்புறம் துணியின் மிச்சத்தைக் கயிற்றின்மேல் மடித்துவிட்டாய். கீழே ஒரு எலுமிச்சம்பழம், கொஞ்சம் குங்குமம். "இனி எவன் வெட்டறான்னு பாப்போம்" என்றாய். கூடவே, "பாப்பாகிட்ட மட்டும் வாயத் தொறந்துடாத மச்சான். அவகிட்ட சொன்னா கொம்தார் கட்டடத்து உச்சியில மைக் போட்ட மாதிரி" என்றாய். பாப்பா என்றால் உன் தங்கச்சி, என் வீட்டுக்காரி பாக்கியம்.

எவனும் வெட்டவில்லை. அடுத்த வாரமே ஒரு விளக்கு வந்தது. அப்புறம் பூ வந்தது. லிம் அங்கிள் ஒரு சிவப்புத் துணி கட்டி ஊதுவத்தி ஏற்றினார். அவர் மண்ணைக் காக்கிற டத்தோ சாமி என்று கும்பிட்டார், நம் ஆட்கள் அம்மன் என்றார்கள். மரம் யாரிடமும் மறுத்துப் பேசவில்லை. ஆடி மாதம் வந்தால் ஆளுக்கொரு மஞ்சள் துணி, ஒன்றின்மேல் ஒன்றாக. நீ தூரத்தில் நின்று கமுக்கமாகச் சிரிப்பாய். நானும் சிரிப்பேன். அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

நீ திடீரென்று போய்விட்டாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. பாக்கியம் வந்து சேர்வதற்குள் உன் முகத்தை மூடியிருந்தார்கள். "எங்கண்ணன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்று எத்தனை நாள் அழுதாள் தெரியுமா? காரியமெல்லாம் முடிந்த பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு தெம்புசு மரத்தடிக்குப் போனாள். திரும்பி வந்தபோது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. அண்ணன் வேலை செய்த மண்ணில் அம்மன் நிற்கிறாள், அவள் அண்ணனைப் பார்த்துக்கொள்வாள் என்றாள். நான் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வது, நீயே சொல்லு.

வெள்ளிக்கிழமை தவறாமல் போனாள். அவளோடு மற்ற பெண்களும் சேர்ந்தார்கள். மழையில் மண் சறுக்குகிறது, வயசானவர்கள் விழுகிறார்கள் என்று பேச்சு எழுந்தது. கட்டட வேலை எடுத்துச் செய்கிற கோபி, நல்ல பையன், உன்மேல் உயிரையே வைத்திருந்தவன், "அக்கா, நான் செஞ்சு தரேன். சுத்திலும் சிமெண்ட் தளம், மேல தகரக் கூரை. அண்ணன் பேர்ல ஒரு டைல்ஸ் பதிச்சிடலாம்" என்றான். பாக்கியத்தின் கண் கலங்கிவிட்டது. உன் பெயர் அங்கே இருக்கப் போகிறது என்று அன்றைக்கு ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

சியூ லிங் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். வேர்மேல் சிமெண்ட் போட்டால் மரம் மூச்சுவிடாது, கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும் என்றாள். கூரை எழும்பினால் சொந்தக்காரர்கள் தோட்டத்தையே திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்றாள். "அங்கிள், ஆண்ட்டிகிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றாள். இவ்வளவு தெளிவாக அவள் சொன்னதை வீட்டுக்குக் கொண்டுவந்து நான் சொன்னேன். "அம்மன் இருக்கிற எடம், அவ பாத்துக்குவா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள் பாக்கியம்.

அப்புறம் எனக்கு இருந்த ஒரே வழி உன் ரகசியம்தான். பாக்கியம், அங்கே அம்மன் இல்லை, உங்கண்ணன் கட்டின துணி அது என்று சொல்லிவிட்டால் போதும், எல்லாம் நின்றுவிடும். ஆனால் அவளுக்கு மிச்சமிருந்த ஆறுதலும் அதோடு போய்விடும். சொல்லாவிட்டால் உன் பெயரை எழுதிவைத்தே உன் மரத்தைக் கொன்றுவிடுவார்கள். எத்தனை முறை வாயைத் திறந்திருப்பேன் தெரியுமா? "என்னங்க, ஏதோ சொல்ல வந்தீங்களே" என்பாள். "ஒண்ணுமில்ல, தே ஒண்ணு போடு" என்பேன். அந்த மாதம் நான் குடித்த தேநீருக்கு அளவே இல்லை. உன்மேல் கோபம் கோபமாக வந்தது, மச்சான். கட்டிவிட்டு நீ பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

கன்று நடும் ஞாயிறு வந்தது. எப்போதும் போலக் குழு மட்டும் இல்லை, அடுக்குமாடிக் குடும்பங்கள், பாகான் டாலாமிலிருந்து கடல் தாண்டி வந்த நம் சொந்தக்காரர்கள் என்று நல்ல கூட்டம். பாக்கியம் எல்லாருக்கும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கட்டி என் மோட்டார் சைக்கிளில் ஏற்றச் சொன்னாள்; தோட்டத்துக்கு வண்டிப் பாதை சுற்றித்தான் போகும். கோபியின் லாரியும் வந்து நின்றது, பின்னால் சிமெண்ட் மூட்டைகள். கன்று நட்டு முடிந்ததும் தளத்துக்கு அளவு எடுக்கப் போவதாகச் சொன்னான்.

எல்லாரும் உட்கார்ந்தோம். பனி இன்னும் விலகவில்லை. அவ்வளவு பேர் உட்கார்ந்தும் ஒரு சத்தமில்லை, ஓடை மட்டும்தான். குழந்தைகள்கூட அண்ணாந்து கிளைகளைப் பார்த்தபடி வாயைப் பிளந்து கிடந்தார்கள். நானும் அண்ணாந்து பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது, ஒரு பக்கத்து இலைகள் பழுத்துப் போயிருந்தன. துணிக் கட்டுக்கு மேலே அடிமரம் வீங்கி, கீழே ஒடுங்கியிருந்தது. சியூ லிங்கும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசில் ஊதாமல் எழுந்து மரத்தைத் தடவிப் பார்த்தாள். "துணிக்குள்ள ஏதோ இறுக்குது. அவுத்துப் பாக்கலாமா?" என்று மலாயில் கேட்டாள்.

"சாமி துணியவா? அதெல்லாம் கை வைக்கக் கூடாது டீச்சர்" என்றான் கோபி. கூட்டத்தில் சலசலப்பு. எல்லாரும் பாக்கியத்தைப் பார்த்தார்கள். பாக்கியம் என்னைப் பார்த்தாள்.

"என்னங்க, நீங்க என்ன சொல்றீங்க?"

உனக்குக் கொடுத்த சத்தியம் ஒரு பக்கம், அவள் முகம் ஒரு பக்கம். "உன் இஷ்டம்" என்று மட்டும் வந்தது. கட்டின மனைவியிடம் நான் சொன்னதிலேயே கேவலமான பதில் அதுதான்.

அவள் மரத்தைப் பார்த்தாள். "கோயில்ல அம்மனுக்குப் புடவை மாத்தறதில்லையா? ஏணியக் கொண்டாங்க" என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு அவளே ஏறினாள். நான் ஏணியைப் பிடித்தேன். அதே ஏணி, மச்சான். உன் வீட்டிலிருந்து குழுவுக்கு வந்தது.

ஒவ்வொரு துணியாகக் கீழே வந்தது. புது மஞ்சள், வெளுத்த மஞ்சள், லிம் அங்கிளின் சிவப்பு, நிறமே தெரியாத ஒன்று. கடைசியில் கையில் எடுத்தாலே பொடிந்துபோகிற ஒரு கந்தல். அதற்குள் நீல நைலான் கயிறு, பட்டைக்குள் புதைந்து கிடந்தது. நடுவில் உன் முடிச்சு. பக்கத்தில் அந்தச் சிவப்புக் குறி, இன்னும் அழியாமல்.

பாக்கியத்தின் கை அந்த முடிச்சின்மேல் நின்றுவிட்டது. நான் கீழேயிருந்து அவள் பாதங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அவள் திரும்பி, மேலேயிருந்து என்னைப் பார்த்தாள்.

"நீங்கதான் ஏணியப் பிடிச்சீங்களா?"

"ஆமா."

அவ்வளவுதான் கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன், அழுதாள். ஆனால் அழுகைக்கு நடுவில் ஒரு சிரிப்பும் வந்தது. "குள்ளன். திருட்டுப் பய" என்றாள் மரத்திடம். உன்னைத்தான்.

கோபி பாராங் கத்தியை நீட்டினான், அறுத்துவிடலாம் என்று. "வேணாம் தம்பி, இத அறுக்க வேணாம்" என்றாள். பள்ளிக்கூடம் போகும் காலத்தில் அவள் புத்தகப் பையைச் சைக்கிள் கேரியரில் நீ இந்த முடிச்சுப் போட்டுத்தான் கட்டுவாயாமே? துறைமுகத்தில் யாரிடமோ கற்றுக்கொண்டு வந்து, பள்ளிக்கூட வாசலில் அவளை இறக்கிவிட்டு, நீயே அவிழ்த்துக்கோ என்று சைக்கிளைப் பிடித்தபடி நிற்பாயாமே? இத்தனை வருஷக் குடித்தனத்தில் இதை என்னிடம் அவள் சொன்னதே இல்லை. விளக்குக்குக் கொண்டுவந்த நல்லெண்ணெயை முடிச்சில் ஊற்றினாள். "இழுத்தா இறுகும். உள்ள தள்ளணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கட்டைவிரலால் மெல்லத் தள்ளினாள். முடிச்சு அவிழ்ந்துவிட்டது.

கயிற்றைப் பட்டையிலிருந்து எடுக்க வெகுநேரம் ஆனது. இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் மரம் அதை விழுங்கியிருக்கும் என்றாள் சியூ லிங். மரத்தைச் சுற்றி ஆழமாக ஒரு தழும்பு. உன்னைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வாழ்நாள் முழுக்க நீ கயிறு கட்டியது துறைமுகத்து இரும்புக் கம்பத்தில். கம்பம் பருக்காது. மரம் பருக்கும் என்பது உனக்கும் தோன்றவில்லை, ஏணியைப் பிடித்த எனக்கும் தோன்றவில்லை.

இறங்கி வந்த பாக்கியம் கோபியிடம் போனாள். "தம்பி, சிமெண்ட் வேணாம்ப்பா. இந்தக் கயிறுக்கே மரம் இந்தப் பாடு பட்டிருக்கு."

"அப்போ சாமி, அக்கா?" என்றான் அவன், பாவம், குழந்தை மாதிரி.

"சாமி எங்கயும் போகல. அவளுக்கு மண்ணு போதும். நம்ம காலுக்குத்தான் சிமெண்ட் கேட்டோம்."

மூட்டைகள் வந்த லாரியிலேயே திரும்பிப் போயின. கோபி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனான். ஆனால் அடுத்த ஞாயிறு பழைய பலகைகளோடு வந்து, வேருக்குத் தள்ளி, பெண்கள் சறுக்காமல் நடக்க ஒரு பாதை போட்டுக் கொடுத்தான். டைல்ஸ் கிடையாது. உன் பெயர் எங்கேயும் இல்லை. உனக்கு அதில் வருத்தம் இருக்காது என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் மோட்டாரில் என் முதுகில் சாய்ந்துகொண்டு ஒரு வார்த்தை சொன்னாள். "ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டாருன்னு இருந்தேன். இன்னிக்கு அவரு கையப் பாத்துட்டேன்." என்னைத் திட்டவில்லை. இவ்வளவு நாள் மறைத்ததற்கு எனக்குத் தண்டனையாக ஒரு மாதம் தேநீர் கிடையாது என்று மட்டும் வீட்டு வாசலில் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை விளக்கு இன்னும் நிற்கவில்லை. அங்கே போய் அவள் யாரிடம் பேசுகிறாள் என்று நான் கேட்கவில்லை. அம்மனிடமா, உன்னிடமா? இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் போல. உன் நீலக் கயிறு இப்போது என் மோட்டாரில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நாசி லெமாக் கூடையை அவள் அதால்தான் கட்டுகிறாள். தோட்டத்துக்குப் போனதும் என்னை அவிழ்க்கச் சொல்லிவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். நான் இழுத்து இழுத்து இறுக்குகிறேன். பசியோடு நிற்கிற பிள்ளைகளெல்லாம் சிரிக்கிறார்கள்.

மரம் தேறிக்கொண்டு வருகிறது. பழுத்த பக்கத்தில் புது இலை விட்டிருக்கிறது. இன்றைக்குப் பனிக்குள் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். புது மஞ்சள் துணி ஒன்றைப் பாக்கியம் கட்டியிருக்கிறாள். கயிறு இல்லாமல், துணியையே லேசாக முடிந்து, உள்ளே ஒரு கை போகிற அளவு இடம் விட்டு.

மச்சான், உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். என் கால் நடக்கிற வரைக்கும், ஒவ்வொரு வருஷமும் நீ போன நாளில், எட்டி அந்தத் துணிக்குள் கையை விட்டுப் பார்ப்பேன். கை போகவில்லை என்றால், அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுவோம். ஏறப் போவது உன் தங்கச்சிதான். நீ கவலைப்படாதே, கீழே நான் இருக்கிறேன்.

இன்னும் ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்கும்,
உன் தங்கச்சி வீட்டுக்காரன்,
உன் மச்சான்
மணியம்